பரங்கிமலையும் பிரெஞ்சு நாடும்

பிரெஞ்சுப் பண்பாடு என்றதும் நம் நினைவு புதுச்சேரிக்கே ஓடுகிறது. நேரான தெருக்கள், மஞ்சள் பூசிய மாளிகைகள், சிவப்புத் தொப்பிக் காவலர் என அங்கே கண்கண்ட அடையாளங்கள் பல உள்ளன. ஆனால், தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கி மின்தொடர் வண்டியில் செல்லும் நாம், பிரெஞ்சு நாட்டின் பெயரையே ஒரு நிலையத்தில் நாள்தோறும் கேட்டுக் கடந்து போகிறோம் என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? அதுவே பரங்கிமலை.

பிராங்கு என்னும் இனத்தாரின் பெயரால் அமைந்ததே பிரான்சு என்னும் நாட்டுப் பெயர். சிலுவைப் போர்க் காலத்து அரபியர் மேலைநாட்டுக் கிறித்தவர் அனைவரையும் அப்பெயராலேயே அழைத்தனர். அரபியிலும் பாரசீகத்திலும் வழங்கிய அச்சொல் தமிழர் நாவில் 'பரங்கி' ஆயிற்று. தோமையார் மலைமீது கோவில் எழுப்பிய பரங்கியர் போர்த்துகீசியரே. எனினும் அவர்கள் தாங்கிவந்த பெயர் பிராங்கியருடையது. பெயரோடு நின்றுவிடவில்லை; பிரெஞ்சுக்காரர் தாமும் இம்மண்ணில் நடந்திருக்கின்றனர்.

1642-ஆம் ஆண்டு, பிரான்சின் நெவேர் நகரத்தாரான எப்ரேம் என்னும் கப்புச்சின் துறவி, பர்மாவின் பெகு நாட்டிற்குச் செல்லும் வழியில் சென்னைக் கோட்டைக்கு வந்தார். கோட்டையை அண்டிக் குடியேறிய போர்த்துகீசியக் கத்தோலிக்கருக்கு ஒரு குரு வேண்டியிருந்தது. அவர்கள் சாந்தோம் சென்று வருவதை ஆங்கிலேயர் விரும்பாததால், எப்ரேமையே தங்கிவிடுமாறு கேட்டுக்கொண்டனர். அவர் தங்கினார், புனித அந்திரேயா பெயரால் ஆலயம் எழுப்பினார், தம் இல்லத்திலேயே சிறுவர்க்குக் கல்வியும் கற்பித்தார்.

ஆனால் பதுரவாதோ என்னும் போர்த்துகல் மன்னரின் ஞானாதிகார உரிமையைப் போற்றியோர்க்கு, உரோமையின் மறைபரப்புப் பேராயம் அனுப்பிய குருக்கள் அயலாராகவே தோன்றினர். 1649-இல் எப்ரேம் சாந்தோமில் பிடிக்கப்பட்டு, கோவா சமய விசாரணை மன்றத்தின் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவருடைய விடுதலைக்காக முயன்றோர் யார்? புராட்டஸ்டாண்டு ஆங்கிலேயர் வாதாடினர். கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா என்னும் இசுலாமியர் சாந்தோம் நகரை நெருக்கினார். கத்தோலிக்கத் துறவியைக் கத்தோலிக்கர் சிறைவைக்க, பிற சமயத்தார் மீட்டனர். நாம் மறைக்கவேண்டாத, மறக்கவும் கூடாத வரலாறு இது. மீண்டு வந்த எப்ரேம் மனக்கசப்பின்றித் தம் முதுமைவரை இந்நகரிலேயே பணிசெய்தார்.

அடுத்து வந்தவர் துறவியல்லர், கடற்படைத் தலைவர். 1672-இல் தெ லா ஹே என்பார் சாந்தோமைக் கோல்கொண்டா அரசிடமிருந்து கைப்பற்றினார். கோல்கொண்டாப் படையும் டச்சுக் கப்பல்களும் சூழ்ந்து நிற்க, இரண்டாண்டுகள் தாக்குப்பிடித்து, 1674-இல் சரணடைந்தார். இம்முற்றுகைக் காலத்தில் உதவி தேடிச் சென்ற பிரெஞ்சுத் தூதருக்கு, பீசப்பூர் அரசின் சார்பில் ஆண்ட ஷேர்கான் லோடி காட்டிய இடமே புதுச்சேரி. சாந்தோமை இழந்தபின் பிரான்சுவா மார்த்தேன் அங்கே குடியேற்றத்தை வளர்த்தார். ஆக, புதுச்சேரியின் வித்து நம் மயிலைக் கடற்கரையில் முளைத்தது எனலாம்.

1746-இல் லா பூர்தொன்னே சென்னையைக் கைப்பற்றினார். நகரத்தைத் தம்மிடம் ஒப்படைக்க வேண்டுமென ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன் தம் மகன் மாபூஸ்கானைப் பெரும்படையுடன் அனுப்பினார். நவம்பர் மாதம் அடையாற்றங்கரையில் ஏறத்தாழ 10,000 பேர் கொண்ட அப்படையை, பரதி என்னும் சுவிட்சர்லாந்துக்காரர் தலைமையில் ஆயிரம்பேர் எதிர்கொண்டனர். அவ்வாயிரவரிலும் பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்களே! ஆற்றைக் கடந்து, ஒழுங்காக அணிவகுத்து, ஒருசேரச் சுட்ட அச்சிறுபடை வென்றது. பயிற்சி பெற்ற சிறுபடை இந்திய அரசர்களின் பெருஞ்சேனைகளை வெல்லக்கூடும் என்ற பாடத்தை ஆங்கிலேயரும் கற்றுக்கொண்டனர். அதன் விளைவை இருநூறு ஆண்டுகள் நாம் அனுபவித்தோம். சென்னைப் பெரம்பூரில் பிறந்து புதுச்சேரியில் உயர்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை இக்கால நிகழ்ச்சிகளைத் தம் தமிழ் நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார்.

உடன்படிக்கையின்படி 1749-இல் சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பியது. பிரெஞ்சுக்காரருக்கு உதவினர் என்ற ஐயத்தால் கத்தோலிக்கர் கோட்டைக்குள் வாழத் தடைசெய்யப்பட்டனர். எப்ரேம் தொடங்கிய ஆலயமும் அங்கே நிலைக்கவில்லை. படைத்தலைவர்கள் ஆடிய ஆட்டத்தின் விலையை எளிய மக்கள் கொடுத்தனர்.

1758 திசம்பரில் லாலி மீண்டும் சென்னையை முற்றுகையிட்டார். மறு ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் பரங்கிமலையடியில் கடும்போர் நிகழ்ந்தது. ஆங்கிலேயர் பக்கம் நின்று பிரெஞ்சுப் படையை அலைக்கழித்தவர் யூசுப்கான். சில நாள்களில் ஆங்கிலக் கப்பல்கள் வந்துசேர, முற்றுகை கலைந்தது. பின்னர் நடந்ததோ வியப்பிற்குரியது. 1764-இல் யூசுப்கானை மதுரையில் தூக்கிலிட்டவர்கள் அவர் யாருக்காகப் போரிட்டாரோ அவர்களே. 1766-இல் லாலியின் தலையைப் பாரிசில் துண்டித்ததும் அவருடைய நாடே. எதிரெதிர் அணியில் நின்ற இருவருக்கும் அவரவர் தலைவர்கள் அளித்த பரிசு ஒன்றாகவே இருந்தது.

இப்போர்களின் அடையாளம் ஏதும் இன்று நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அடையாற்றின்மேல் பாலங்கள் நிற்கின்றன. மலையருகே வானூர்திகள் இறங்குகின்றன. ஆனால் எப்ரேமும் அவருடைய துணைவரும் இட்ட விதை அரண்மனைக்காரத் தெருவின் புனித மரியன்னை இணைப்பேராலயத்தில் இன்றும் தழைக்கிறது. நாந்து நகரில் பிறந்த எலென் த ஷப்போத்தென் அம்மையார் 1877-இல் உதகமண்டலத்தில் தொடங்கிய பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் சபை உலகெங்கும் பரவியிருக்கிறது. 1858-இல் ஓர் ஏழைச் சிறுமி அன்னையைக் கண்ட லூர்து நகரின் கெபி, நம் பங்குகள் பலவற்றின் வாயிலில் தமிழ்க் கெபியாகவே மாறிவிட்டது.

பிற நாட்டுப் பண்பாடு பீரங்கியோடு வந்தபோது மண் அதனை விழுங்கியது. பள்ளியாகவும் பணியாகவும் வேண்டுதலாகவும் வந்தபோது தன்னுடையதாக்கிக் கொண்டது. நம் பங்குகளின் பழைய திருமுழுக்குப் பதிவேடுகளும் கல்லறைக் கற்களும் இக்கதையின் எஞ்சிய ஏடுகள். கறையானும் கட்டுமானமும் அவற்றை அழிக்குமுன் படித்து எழுதி வைப்பது நம் தலைமுறையின் கடமையன்றோ?