கொரியாவில் சண்டை வராமல் இருந்திருந்தால் தைவான்?

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வரலாறு படிக்கும்போது "இது மட்டும் நடக்காமல் போயிருந்தால்?" என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாத ராத்திரிகளில் இந்த வியாதி இன்னும் முற்றும் :-) இந்த முறை மாட்டியது தைவான்.

1949 அக்டோபர் 1. மாவோ பீஜிங்கில் மக்கள் குடியரசை அறிவித்துவிட்டார். தோற்ற சியாங் கை ஷேக் டிசம்பரில் தைவானுக்கு ஓடினார். மிச்சம் இருந்தது தீவுகள் மட்டும்தான்.

அக்டோபர் 25 அன்று கின்மென் தீவில் ஏறக்குறைய 9,000 செஞ்சேனை வீரர்கள் மீன்பிடிப் படகுகளில் இறங்கினார்கள். கடல் நீர் இறங்கியதில் படகுகள் தரைதட்டி நின்றுவிட்டன. அடுத்த படையைக் கூட்டிவரப் படகு இல்லை. மூன்றே நாளில் தோல்வி. ஆனால் 1950 ஏப்ரலில் ஹைனான் மீது பாய்ந்தார்கள், மே முதல் தேதிக்குள் தீவு அவர்கள் கையில். உள்ளேயே கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் இருந்தது பெரிய உதவி.

அடுத்தது தைவான்தான். அமெரிக்க அதிபர் ட்ரூமன், ராணுவ உதவி கிடையாது என்று 1950 ஜனவரி 5 அன்றே சொல்லிவிட்டார். அந்த வருடமே தைவான் விழும் என்று அமெரிக்க உளவுத்துறையும் கணித்தது.

அப்புறம்தான் திருப்பம். ஜூன் 25 அன்று வடகொரியா தெற்கே படையெடுத்தது. இரண்டே நாளில் அதே ட்ரூமன் ஏழாவது கப்பற்படையை தைவான் நீரிணைக்கு அனுப்பினார். மாவோவின் தைவான் திட்டம் தள்ளிப்போனது, போனதுதான்!

கொரியாவில் சண்டையே வராமல் இருந்திருந்தால்? தைவான் கட்டாயம் விழுந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். நீரிணையின் குறுகிய இடமே 130 கிலோமீட்டர், மீன்பிடிப் படகில் போகிற தூரமா அது? ஆனால் விழுந்திருந்தால், ஹைனான் போல அதுவும் இன்னொரு மாகாணம். சியாங்கின் 38 வருட ராணுவச் சட்டம் இருந்திருக்காது. ஆனால் 1958க்குப் பிறகு சீனாவில் வந்த பெரும் பஞ்சம் அங்கேயும் வந்திருக்கும். 1996ல் மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுத்ததும் நடந்திருக்காது. 1987ல் தொடங்கிய டிஎஸ்எம்சி கம்பெனியும் அங்கே இருந்திருக்காது. நம்மில் பலர் வைத்திருக்கும் போனின் சிப் எங்கிருந்து வந்திருக்குமோ!

எனக்கு உறுத்துவது வேறு விஷயம். 1955 பிப்ரவரியில் தாச்சென் தீவுகளைக் காக்க முடியாது என்று தெரிந்ததும், சுமார் 18,000 பேரைக் கப்பலேற்றி தைவானுக்குக் கொண்டுபோனார்கள். மூட்டை முடிச்சோடு ஊரே காலி. கின்மென் மக்களோ 1958 முதல் 1978 கடைசி வரை பீரங்கிக் குண்டுகளோடு வாழ்ந்தார்கள். விழுந்த குண்டு இரும்பில் செய்த சமையல் கத்தி அந்தத் தீவில் இன்றும் விற்பனைக்கு இருக்கிறது.

ஒரு தீவுக்குக் கடல் நீர் இறங்கியது, இன்னொன்றுக்கு வேறு நாட்டில் வந்த சண்டை. அங்கே வாழ்ந்தவர்களை ஒரு வார்த்தை கேட்டவர் யார்?