ஜெர்மானிய மக்களின் பரவல்: வரைபடங்கள்

ஜெர்மானிய மொழி பேசிய இனக்குழுக்கள் எங்கிருந்து எங்கே பரவின என்பதைக் காட்டும் வரலாற்று வரைபடங்கள். வட ஜெர்மனி, டென்மார்க் பகுதிகளில் கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் தோன்றிய யாஸ்டார்ஃப் பண்பாடே பெரும்பாலும் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. எழுத்துச் சான்றுகளில் முதன்மையானவை ரோமானியரான டாசிட்டஸ் கி.பி. 98-இல் எழுதிய 'ஜெர்மானியா'வும், தாலமியின் 'புவியியல்' நூலும். தமிழகத் துறைமுகங்களைக் குறித்துவைத்த அதே தாலமிதான். ரைன் நதிக்கு அப்பாலுள்ள ஊர்களுக்கு அவர் தந்த ஆயத்தொலைவுகளை இன்றைய நிலப்படத்தில் பொருத்துவது எளிதல்ல.

பள்ளி அட்லஸ்களில் வருபவை பெரும்பாலும் அம்புக்குறிகள்: 376-இல் டான்யூபைக் கடந்த கோத்துகள், 439-இல் கார்த்தேஜைப் பிடித்த வண்டல்கள், 568-இல் இத்தாலிக்குள் நுழைந்த லொம்பார்டுகள். பார்க்கத் தெளிவு, ஆனால் வழியில் பிறரும் சேர்ந்து பிரிந்த கூட்டங்களை ஒரே இனமாகக் காட்டிவிடுகின்றன.

இந்தப் போக்கிற்கு வலுவூட்டியவர் ஜெர்மன் தொல்லியலாளர் குஸ்டாஃப் கொசினா. ஒரே வகைப் பொருள்கள் கிடைக்கும் எல்லை ஓர் இனத்தின் எல்லை என்று 1911-இல் வாதிட்டார். பிற்பாடு நாஜிகள் நில உரிமை கோர அதைப் பயன்படுத்தினர். பொருள்கள் சொல்வது அவ்வளவு நேரானதல்ல. போலந்தின் வீல்பார்க் பண்பாட்டு ஆண்களின் கல்லறைகளில் ஆயுதம் வைக்கப்படவில்லை. அண்டைப் பண்பாடான பிஷேவோர்ஸ்கிலோ வாளை வளைத்துப் புதைத்தார்கள். இது சடங்கு வேறுபாடு. பேசிய மொழியை இதிலிருந்து அறிய முடியாது.

இப்போது தொல்மரபணுவும் சான்றாகிறது. 2022-இல் வெளியான ஆய்வின்படி, கிழக்கு இங்கிலாந்தின் தொடக்க இடைக்காலக் கல்லறைகளில் கிடைத்தவர்களின் மூதாதை மரபில் சராசரியாக 76 விழுக்காடு வடகடலுக்கு அக்கரையிலிருந்து வந்தது.