கணக்குக் காட்டாதவன் சுற்றம்

திருவாரூர்த் திருக்கோயிலுக்குச் சென்று வழிபட்டோர், கோயிற்புறத்தே கல்லாற் சமைத்த தேர் ஒன்றைக் கண்டிருப்பர். அதன் காலின்கீழ் இளவரசன் ஒருவன் கிடக்கின்றான். தேரைச் செலுத்துபவனோ அவனைப் பெற்ற தந்தை. மனுநீதிச் சோழன் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தின் தொடக்கத்திலேயே, திருநகரச் சிறப்பில் அமைத்தார். அடியார் வரலாறு கூறப் புகுந்தவர், அரசன் ஒருவன் தன் மகனுக்கு வழங்கிய தீர்ப்பை முதற்கண் வைத்தது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்தபோது, கழுவாய் செய்தல் போதும் என்றனர் அமைச்சர். மன்னன் அதற்கு இசைந்திலன். வேறொருவன் உயிர்க்கொலை செய்தால் தண்டிப்பதும், தன் மகன் செய்தால் கழுவாய் தேடுவதும் ஒரு நீதியாகுமோ என்பதே அவன் வினா. ஆள்பவனின் குடும்பத்துக்கெனத் தனி அறம் இல்லை என்பதே அவ்வரலாற்றின் உயிர்நிலை.

ஆயினும் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. பெற்ற மகனைத் தேர்க்காலில் இடும் நெஞ்சுரம் எத்தனை பேர்க்கு வாய்க்கும்? அத்தகைய மன்னன் தோன்றும்வரை ஊரார் காத்திருத்தல் வேண்டுமோ? வேண்டுவதில்லை என்பதற்குத் தொண்டை நாட்டு ஊர் ஒன்று சான்று பகர்கின்றது. அதுவே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்.

தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்த புகழுடைய முதற் பராந்தக சோழன் காலத்தில், அவ்வூர்ப் பெருங்குறி மகாசபையார் இரண்டு தீர்மானங்கள் இயற்றினர். ஒன்று அவனது 12ஆம் ஆட்சியாண்டாகிய 919இலும், மற்றொன்று 14ஆம் ஆட்சியாண்டாகிய 921இலும் எழுந்தவை. இரண்டும் அரசனுடைய அதிகாரி உடனிருக்க நிறைவேறின. அவற்றை வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் இன்றும் காணலாம்.

ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். இளையோரும் முதியோரும் கூடிய சபை நடுவே, நம்பிமாருள் மூத்தவர் அக்குடத்தை எல்லாரும் காண உயர்த்திக் காட்டுவார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் மத்தியஸ்தன் அதனை ஏற்று வாசிப்பான். இவ்வாறு தேர்ந்த 30 பேருள் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் உரியவராயினர். பணிக்காலம் 360 நாள். பணி செய்தவர் மூன்றாண்டு கழியும்வரை மீண்டும் வாரியம் ஏறுதல் இயலாது.

நாம் இங்கு உற்று நோக்க வேண்டுவது உறவினர் பற்றிய விதியையே. 919ஆம் ஆண்டுத் தீர்மானம், வாரியஞ் செய்து நீங்கியவர்க்கு நெருங்கிய உறவினர் ஆகாதவரே குடவோலைக்கு உரியர் என்றது. நெருங்கிய உறவினர் யாவர் என்று அது விரித்துரைக்கவில்லை. இரண்டாண்டின் பின் எழுந்த தீர்மானமோ அவ்விதியை இருவகையாற் செப்பம் செய்தது. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தவனும் அவன் சுற்றமும் விலக்குண்டனர். அச்சுற்றம் இன்னார் என்பதும் ஒவ்வொன்றாக எண்ணப்பட்டது: தாயின் தமக்கை தங்கையர் மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயுடன் பிறந்தவன், தந்தையுடன் பிறந்தவன், தன் உடன்பிறந்தவன், மாமனார், மனைவியுடன் பிறந்தவன், உடன்பிறந்தாள் கணவன், அவள் மக்கள், மகளை மணந்தவன், தந்தை, மகன்.

இப்பட்டியலின் நுட்பம் யாது? ஊர்ப்பொருளை விழுங்கியவன் மீண்டும் தானே வருவதில்லை. மைத்துனனை அனுப்புவான், மருமகனை அனுப்புவான். புதிய கை பழைய கணக்கின்மேல் மண்ணைத் தள்ளிவிடும். அவ்வாயிலைச் சபையார் அடைத்தனர். அதே வேளையில், செம்மையாகக் கணக்கு ஒப்புவித்தவனுடைய மகனை இவ்விதி தொடவில்லை. பிறப்பு குற்றமன்று, பிறப்பைக் கேடயமாக்கிக் கணக்கை மறைத்தலே குற்றம் என்ற தெளிவு இங்குப் புலனாகின்றது.

அச்சபையை நிறைவுடையதென்று புகழ்தல் உண்மையாகாது. அது பிரமதேயத்து அந்தணர் சபை. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அங்கு ஓலை எழுதப்பட்டது. அவ்வூரில் உழுதவர்க்கும் பெண்டிர்க்கும் இடமில்லை. இக்குறையை மறவாமலே அவர்தம் விதியின் சிறப்பைப் போற்றுதல் வேண்டும்.

நம் காலத்து நிலை யாது? 1992இல் நிறைவேறிய 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளுக்குப் புத்துயிர் அளித்தது. நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தலில் நிற்போர் தம் சொத்தோடு மனைவி அல்லது கணவர், சார்ந்திருப்போர் ஆகியோர் சொத்தையும் வெளியிடல் வேண்டும் என 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களது வருவாய் வந்த வழியும் கூறப்படல் வேண்டும் என்று 2018இல் மற்றொரு தீர்ப்பு எழுந்தது. தேர்தற் செலவுக் கணக்கை உரியவாறு ஒப்புவிக்கத் தவறியவரை மூன்றாண்டு விலக்கவும் சட்டம் உண்டு. ஆயின் அவ்விலக்கு அவர் ஒருவரையே சாரும். அவர் தம்பியோ மகனோ அவ்விடத்தில் நிற்பதற்கு அதனால் தடை இல்லை.

அன்பர்களே, இவற்றைக் கேட்டு ஆள்வோரைச் சுட்டி விரல் நீட்டுதல் எளிது. நம் ஊர்த் திருவிழாவுக்கு வரி பிரிக்கின்றோம்; திருப்பணிக்குப் பொருள் திரட்டுகின்றோம். செலவுக் கணக்கு அடுத்த விழாவுக்கு முன் கோயிற் சுவரில் ஒட்டப்படுகின்றதா? பொறுப்பில் இருப்பவர் நம் சம்பந்தியாயின் அதனைக் கேட்க நம் நா எழுகின்றதா? உறவு கெடுமே என்று வாளா இருப்போமாயின், மனுநீதிச் சோழனுக்குக் கழுவாய் உரைத்த அமைச்சரின் பக்கமே நிற்கின்றோம்.

நம் விழாக் கணக்கை முதலிற் கேட்போம். கேட்டபின் வாரியத்துக்கு ஆள் தேடுவோம். உத்திரமேரூரார் கல்லில் வெட்டி வைத்த வரிசை அதுவே.