மருந்தும் மாவும் ஒரே கப்பலில்



மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்திலிருந்து திருவொற்றியூருக்கும் ராயபுரத்துக்கும் கீரை, காய்கறி ஏற்றிப் போகிற வண்டி, திரும்பும்போது சும்மா வராது. அரிசி மூட்டை, தவிட்டு மூட்டை, பூச்சி மருந்து டப்பா எல்லாம் ஒன்றாக ஏறும். "மூடி இறுக்கமாத்தானே இருக்கு, என்ன ஆயிடப் போகுது?" என்போம். என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சரித்திரம் உண்டு.

1958-ம் வருஷம் கோடைக்காலம். பம்பாயிலிருந்து கொச்சிக்குப் போன கப்பல் ஒன்றில் கோதுமை மாவும் பாரத்தியான் என்ற பூச்சி மருந்தும் சேர்ந்து போயின. ஃபாலிடால் என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். மருந்து கசிந்து மாவில் கலந்தது. அந்த மாவு கடைகளுக்கும் போய்விட்டது. கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் அதைச் சாப்பிட்டவர்களில் நூறு பேருக்கு மேல் மாண்டு போனார்கள். அவர்கள் மருந்து டப்பாவைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள்.

பாரத்தியான் நரம்பைத் தாக்கும் விஷம். எச்சில் வழியும், கண்மணி சுருங்கும், மூச்சு முட்டும். அடுப்பில் வெந்தால் விஷம் முறியும் என்று நம்புவதற்கில்லை.

நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் அரசு விசாரணைக் கமிஷன் அமைத்தது. அதன் பலனாகப் பிறந்ததுதான் 1968-ம் வருஷத்துப் பூச்சிமருந்துச் சட்டம். 1971-ல் வந்த விதிகள், மருந்தும் உணவுப்பொருளும் மாட்டுத் தீனியும் ஒன்றோடொன்று படும்படி ஏற்றக் கூடாது, வைக்கக் கூடாது என்கின்றன. டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று விஷத்தின் கடுமையைக் காட்டும் அடையாளம் போடுவதும் அந்தச் சட்டத்தின்படிதான்.

அந்த மாவில் இருந்த விஷம் அதிகம், உடனே தெரிந்தது. நம் காயில் மிஞ்சுவது கொஞ்சம், தெரிவதில்லை. டி.டி.டி. போன்றவை உடம்புக் கொழுப்பில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். பயிருக்கு அதை அடிப்பது 1989-ல் தடையானது. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011-ல் நிறுத்தியது. எஞ்சியது நம் கையில் இருக்கிறது. மருந்து அடித்தபின் இத்தனை நாள் கழித்துத்தான் அறுவடை என்று சீட்டில் போட்டிருப்பார்கள். சந்தையில் நல்ல விலை என்று அதற்கு முன்னாலேயே காயைப் பறிக்காதீர்கள்.

மருந்தைத் தனி நடையில் கொண்டு வாருங்கள். கசிந்த மருந்து பட்ட மூட்டையை வீட்டுக்கும் கொடுக்காதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள். காலி டப்பாவில் எண்ணெய் வாங்காதீர்கள். இது நூறு உயிர் கொடுத்துக் கற்ற பாடம்.