தேநீரும் பொரித்த மீனும் சனிக்கிழமைப் பிற்பகலும்

ஒரு நாட்டை விட்டு நெடுந்தூரம் சென்றவர்கள் அந்நாட்டில் எதை நினைந்து ஏங்குகிறார்கள் என்பதைக் கவனித்தால், பாடநூல்கள் கூறாத சில வரலாற்றுண்மைகள் புலப்படும். பிரித்தானியாவிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் குடிபெயர்ந்தோரும், படிப்பின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் அங்கு சில ஆண்டுகள் வாழ்ந்து மீண்ட நம்மவரும் நினைவுகூர்வன பெரும்பாலும் அரண்மனையுமல்ல, முடிசூட்டு விழாவுமல்ல. பால் கலந்த சூடான தேநீர், உப்பும் வினாகிரியும் தெளித்துக் கடதாசியிற் சுற்றித் தரப்படும் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும், சனிக்கிழமைப் பிற்பகல் உதைபந்தாட்டம், தெருமுனை நூல்நிலையம், வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் ஊடறுத்துச் செல்லும் நடைபாதை, நோயாளியிடம் பணம் கேளாத வைத்தியர். இவையே அவர்களது நெஞ்சில் நிற்பவை.

இவற்றையெல்லாம் ஆங்கிலேயரின் பிறவிக் குணத்திலிருந்து தாமாகவே முளைத்தவைபோற் பேசுவது வழக்கமாகிவிட்டது. தேநீர் அருந்துதல் அவர்களின் இயல்பாம். நூல்நிலையம் அவர்களின் பண்பாடாம். ஆனால் மனிதர் அன்றாடம் துய்க்கும் எந்த இன்பமும் வானத்திலிருந்து இறங்கியதன்று. ஒவ்வொன்றுக்கும் ஆண்டு உண்டு. அதன் பின்னால் யாரோ ஒருவரின் உழைப்போ போராட்டமோ உண்டு. இவ்விரண்டையும் தேடிக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேநீரை முதலில் எடுத்துக்கொள்வோம். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டன் கோப்பிக் கடைகளிற் செல்வர் மட்டும் சுவைத்த சீனத்துப் பானம் அது. 1784இல் தேயிலைத் தீர்வை 119 சதவீதத்திலிருந்து 12½ சதவீதமாகக் குறைக்கப்பட்ட பின்னரே அது சாதாரண மக்களின் வீடுகளிலும் பரவலாயிற்று. தேயிலைக்கு ஈடாகச் சீனர் கேட்டது வெள்ளி. அவ்வெள்ளியைத் தேடும் பொருட்டுக் கிழக்கிந்தியக் கொம்பனி இந்தியாவில் அபின் விளைவிக்கச் செய்து, அது சீனாவுக்குட் கடத்தப்பட வழிவகுத்தது. சீன அரசு அபினைத் தடுக்க முனைந்தபோது 1839இல் போர் மூண்டது. இங்கிலாந்திலோ, சமைப்பதற்கு நேரமும் எரிபொருளும் அற்ற ஆலைத் தொழிலாளியின் குடும்பத்துக்கு, ஆறிப்போன பாண் துண்டைச் சூடான உணவாக மாற்றித் தந்தது சீனி கலந்த தேநீர். தேநீர் அங்கு மக்கள் பானமானமைக்குக் காரணம் இரசனை மட்டுமன்று. ஆலைச் சங்கும் ஒரு காரணம்.

அச்சீனியின் கதை இன்னும் கொடியது. கரிபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆபிரிக்க அடிமைகள் சிந்திய குருதியே ஆங்கிலக் கோப்பையில் இனிப்பாகக் கரைந்தது. இதனை உணர்ந்த ஆங்கிலேயரும் இருந்தனர். 1791ஐ ஒட்டிய ஆண்டுகளிற் பெருந்தொகையான குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், அடிமைகள் விளைவித்த சீனியை வாங்க மறுத்தனர். 1833இல் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியபோது 2 கோடி பவுண் நட்டஈடு வழங்கப்பட்டது. அதனைப் பெற்றவர்கள் அடிமைகளல்லர். அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர்கள். அதன் பொருட்டு அரசு பெற்ற கடன் முற்றாகத் தீர்ந்தது 2015இலேயே. அடிமை உடைமையாளரின் நட்டஈட்டுக்காகப் பிரித்தானியத் தொழிலாளி நம் காலம்வரை வரி செலுத்தியிருக்கிறான்!

1946 சனவரியில் ஜோர்ஜ் ஓர்வெல் நாளிதழொன்றில் நல்ல தேநீர் தயாரிப்பதற்குப் பதினொரு விதிகளை வகுத்துக் கட்டுரை எழுதினார். தேயிலை இந்தியாவினதாகவோ இலங்கையினதாகவோ இருத்தல் வேண்டும் என்பது முதலாவது விதி. 1903இல் பீகாரின் மோத்திஹாரியிற் பிறந்தவர் அவர். அவருடைய தந்தையார் இந்திய அரசாங்கத்தின் அபின் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். வடக்கு இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளர் வாழ்வை நேரிற் கண்டு எழுதிய ஓர்வெல்லின் அப்பதினொரு விதிகளுள்ளும் கொழுந்து கொய்த கைகளைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. இதனை அவர்மீது குற்றமாகச் சுமத்த வேண்டியதில்லை. தன்னை விளைவித்த உழைப்பைப் பண்டம் எவ்வளவு திறமையாக மறைத்துக்கொள்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டாம் என்பதே நாம் மனங்கொள்ள வேண்டியது.

அக்கைகள் எம்மவருடையவை. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். 1869இற் கோப்பிச் செடிகளைப் பற்றிய நோய் பரவி அப்பயிரை அழித்தபின், மலைநாடெங்கும் தேயிலை படர்ந்தது. 1890இல் லிப்ரன் இங்கு வந்து தோட்டங்களை வாங்கி, தேயிலையை மலிவு விலையில் ஆங்கிலத் தொழிலாளியிடம் சேர்த்தார். தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் கங்காணியிடம் பட்ட கடனோடு தோட்டத்துட் புகுந்தனர். கடனைக் குறித்த துண்டு கையில் இல்லாமல் வேறு தோட்டத்துக்குச் செல்ல முடியாத நிலை 1921வரை நீடித்தது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத் தொழிலாளர் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தபோது, கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற் பலியானார். அதே ஆண்டு யூலையில், போரின் காரணமாகப் பிரித்தானியாவிலே தேயிலைக்குப் பங்கீடு வந்தது: ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ். குண்டுவீச்சுக்கிடையே நகர மக்களைத் தாங்கி நின்ற பானம் என்று அந்த 2 அவுன்ஸ் தேயிலை புகழப்படுகிறது. அது உண்மையே. ஆயினும் அப்புகழ்ச்சியிற் கோவிந்தனின் பெயர் இடம்பெறுவதில்லை.

பொரித்த மீனின் கதையிலும் இதே இரு முகங்களைக் காணலாம். மீனை மாவில் தோய்த்துப் பொரிக்கும் முறையை இங்கிலாந்துக்குக் கொணர்ந்தவர்கள் ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் மதக் கொடுமைக்கு ஆளாகித் தப்பி வந்த யூதர்கள் என்பர். 1860களில் இலண்டனின் கிழக்குப் பகுதியிலும் இலங்காஷயரிலும் மீனையும் உருளைக்கிழங்கையும் சேர்த்து விற்கும் கடைகள் தோன்றின. நீராவி இழுவைப்படகுகளும் புகையிரதமும் ஹல், கிறிம்ஸ்பித் துறைமுகங்களின் மீனை ஆலை நகரங்களுக்கு விரைந்து கொண்டுசெல்ல, 1910 அளவில் இத்தகைய கடைகள் 25,000ஆகப் பெருகின. பகல் முழுவதும் ஆலையில் நின்ற பெண், வீடு திரும்பியும் அடுப்படியில் நிற்காமல் பிள்ளைகளின் பசியாற்ற இக்கடை உதவியது. இரண்டாம் உலகப் போரின்போதும் அரசு இவ்வுணவைப் பங்கீட்டுக்கு உட்படுத்தத் துணியவில்லை. ஆங்கிலத்தன்மையின் சின்னம் எனப்படும் உணவே அகதிகள் கொணர்ந்தது என்பதை, அகதிகளை வெறுப்போர் அறிந்திருத்தல் நன்று.

அம்மீனைப் பிடித்தவர்களின் நிலை யாது? 1968ஆம் ஆண்டின் முதல் வாரங்களில் ஹல் நகரின் மூன்று இழுவைப்படகுகள் வடபுலக் கடற்பரப்புகளில் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கி 58 பேர் மாண்டனர். மூழ்கிய படகொன்றில் வானொலி இயக்குநரே இருக்கவில்லை. மீன் பதனிடும் சாலையில் வேலை செய்த லிலியன் பிலோக்கா என்ற பெண், தலையில் துணி கட்டிய ஏனைய பெண்களைத் திரட்டி, பத்தாயிரம் கையொப்பங்களோடு இலண்டன் சென்று அமைச்சரைச் சந்தித்தார். வானொலி இயக்குநர் இல்லாத படகு கடலேறக் கூடாது என்பது முதலான கோரிக்கைகள் சில நாட்களுக்குள்ளே ஏற்கப்பட்டன. ஆனால் பிலோக்கா வேலையை இழந்தார். அத்தொழிலில் அவருக்கு மீண்டும் வேலை கொடுப்பார் இல்லாது போயிற்று. கடதாசியிற் சுற்றிய மீனுக்கு இத்தகைய விலையும் உண்டு.

இனிச் சனிக்கிழமைக்கு வருவோம். நெசவாலைகளிற் பெண்களும் இளைஞரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யலாகாது என விதித்தது 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். வேலைநேரத்தைக் குறைக்கக் கோரித் தொழிலாளர் பல்லாண்டுகள் நடத்திய இயக்கத்தின் பயன் அது. பெண்களும் இளைஞரும் வெளியேறிய பின் ஆலையை இயக்க இயலாமையால் ஆண்களும் விடுதலை பெற்றனர். காலப்போக்கில் அந்த அரைநாள் ஏனைய தொழில்களுக்கும் பரவியது. அதுதான் உதைபந்தாட்டத்தை வளர்த்தது. இன்று உலகெங்கும் பெயர் விளங்கும் மாஞ்செஸ்ரர் யுனைற்றெட் 1878இற் புகையிரதத் தொழிலாளர் அமைத்த கழகம். ஆர்சனல் 1886இல் ஆயுதத் தொழிற்சாலையினர் அமைத்தது. வெஸ்ற்ஹாம் 1895இற் கப்பல்கட்டும் தளத்திலே தோன்றியது. பன்னாட்டுச் செல்வர் கோடிக்கணக்கிற் பணம் கொடுத்து வாங்கி விற்கும் சொத்துக்களாக இக்கழகங்கள் மாறிவிட்டமை பிற்காலக் கதை.

பொது நூல்நிலையச் சட்டமும் அதே 1850இல் நிறைவேறியது. வறியோர் வாசித்தாற் கிளர்ச்சி செய்வர் என்று பாராளுமன்றத்தில் அஞ்சியோர் பலர். தமக்கு வாசிப்பே பிடிப்பதில்லை என்று கூறி எதிர்த்த சிப்தோர்ப் போன்றோரும் இருந்தனர். பவுணுக்கு அரைப் பென்னி வரி அறவிடலாம். அப்பணத்தைக் கட்டடத்துக்கும் ஊழியருக்கும் செலவிடலாம். ஆனால் அதில் நூல் வாங்கலாகாது! இவ்வளவு கஞ்சத்தனத்தோடு தொடங்கிய நூல்நிலையமே பின்னர் எத்தனையோ தொழிலாளர் பிள்ளைகளின் பல்கலைக்கழகமாயிற்று. 2010இன் பின் வந்த சிக்கனக் கொள்கையால் நூற்றுக்கணக்கான நூல்நிலையங்கள் மூடப்பட்டன. நினைந்து ஏங்குவதற்கு நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதில்லை என்ற நிலை பல ஊர்களிலே தோன்றிவிட்டது.

நடைபாதையும் அவ்வாறே. வடக்கு இங்கிலாந்தின் மேட்டு நிலங்கள் பிரபுக்கள் பறவை வேட்டையாடுவதற்கென ஒதுக்கப்பட்டிருந்தன. 1932 ஏப்பிரல் 24ஆம் நாள், மாஞ்செஸ்ரர் பகுதியின் இளந்தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர் தடையை மீறிக் கின்டர் ஸ்கௌட் மேட்டில் ஏறினர். அவர்களை வழிநடத்திய பெனி றொத்மனுக்கு அப்போது வயது இருபது. அவர் உட்பட ஐவர் சிறை சென்றனர். 1949இல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் நிறைவேறியது. 1951இல் அம்மேடு அடங்கிய பகுதியே நாட்டின் முதலாவது தேசியப் பூங்காவாயிற்று. நிலவுடைமைப் பிரபுவின் பேரன் 2002இல் அப்பழைய தண்டனைகளுக்காகப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். இன்று அப்பாதையில் உலாவுவோருட் சிலராவது அதனைத் திறந்தவர்களை நினைக்கின்றனர்.

இறுதியாக, பணம் கேளாத வைத்தியர். பதின்மூன்று வயதிற் சுரங்க வேலைக்குச் சென்ற அனூரின் பெவன், சுகாதார அமைச்சராகி 1948 யூலை 5ஆம் நாள் தேசிய சுகாதார சேவையைத் தொடக்கினார். அதன் முன்மாதிரி அவரது ஊராகிய டிறெடீகரிலே இருந்தது. அங்கு சுரங்கத் தொழிலாளரும் உருக்குத் தொழிலாளரும் ஊதியத்திற் சில பென்னிகளைச் சேர்த்து, தமக்கும் குடும்பத்தினருக்கும் வைத்தியம் கிடைக்க வழிசெய்திருந்தனர். ஊரின் ஒப்புரவை நாட்டின் சட்டமாக்கியதே பெவனின் சாதனை.

1948ஆம் ஆண்டை நாம் இன்னொரு கோணத்திலும் நோக்க வேண்டும். யூன் 22ஆம் நாள் வின்ட்றஷ் கப்பல் கரிபியன் மக்கள் நூற்றுக்கணக்கானோரை இலண்டனுக்கு அண்மையில் இறக்கியது. அவர்களும் அவர்களைத் தொடர்ந்தோரும் அச்சுகாதார சேவையையும் பேருந்துகளையும் புகையிரதங்களையும் தம் தோள்களிற் சுமந்தனர். எழுபது ஆண்டுகளுக்குப் பின், 2018இல், அத்தலைமுறையினர் பலர் பத்திரம் காட்ட முடியாமையால் வேலையையும் வைத்தியத்தையும் இழந்தமையும், சிலர் நாடுகடத்தப்பட்டமையும் அம்பலமாயின. அதே 1948இல், சுதந்திரம் பெற்ற சில மாதங்களுக்குள், இலங்கைப் பாராளுமன்றம் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை இயற்றியது. தந்தையின் பிறப்பை நிறுவும் பத்திரம் கேட்கப்பட்டது. லயத்திற் பிறந்து லயத்தில் மடிந்த தலைமுறைகளிடம் பத்திரம் ஏது? ஏறக்குறைய ஏழு இலட்சம் மலையக மக்கள் நாடற்றவராயினர். எஞ்சியோரின் நிலை சட்டத்தாற் சீராக்கப்பட்டது 2003இலே. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் ஏறியது 2021இலே. ஆங்கிலேயனுக்குச் சீனியையும் தேநீரையும் விளைவித்த இரு மக்கட்கூட்டத்தினரும், உழைத்த மண்ணிலே பத்திரத்தின் பெயரால் அந்நியராக்கப்பட்டனர். ஒரு கூட்டத்தினரை அந்நியராக்கியவர் வெள்ளைத் துரைமாரல்லர், நம் நாட்டு ஆட்சியாளரே என்பதையும் நாம் மறைக்கலாகாது.

ஆங்கிலேயர் வாழ்வைப்பற்றி நம்மிடையே இருவகை மனப்போக்குகள் உள்ளன. ஒன்று, துரைத்தனத்தின் நினைவில் உருகி, அங்குள்ள நன்மையெல்லாம் அவ்வினத்தின் மேன்மை எனக் கொள்வது. மற்றையது, அங்கிருந்து வந்த யாவும் ஏகாதிபத்தியத்தின் கறை எனத் தள்ளிவிடுவது. முதலாவது, தோட்டத்தில் உழைத்தவரை மறக்கிறது. இரண்டாவது, ஆலையிலும் சுரங்கத்திலும் போராடியவரை மறக்கிறது. இரண்டும் உழைக்கும் மனிதனைக் காணத் தவறுகின்றன.

சூடான தேநீர், அரைநாள் ஓய்வு, அயலில் ஒரு நூல்நிலையம், காசில்லாதவனுக்கும் வைத்தியம் ஆகியவை ஆங்கிலேயருக்கு மட்டுமே உரிய ஆசைகளல்ல. அவை மனிதர் அனைவருக்கும் உரிய மிகச் சிறிய, மிக நியாயமான ஆசைகள். அவற்றை ஒரு தீவின் தொழிலாளர் பகுதியாகப் பெற்றனர். பெற்றவற்றுட் சிலவற்றை இன்று இழந்தும் வருகின்றனர். அவற்றுட் சிலவற்றை அவர்களுக்கு விளைவித்துக் கொடுத்த எமது மலைநாட்டு மக்கள் இன்னும் பெற்று முடியவில்லை. இந்த வரலாற்றை வகுப்பறையிற் கற்பிக்கும் ஆசிரியன், தேயிலையின் ஏற்றுமதித் தொகையைக் கரும்பலகையில் எழுதும்போது, அதன் அருகே கோவிந்தனின் பெயரையும் பிலோக்காவின் பெயரையும் எழுதட்டும்.