எரிமலையே இல்லாத மலையில் எரிமலை மண்!

"கரிசல் மண் எப்படி உருவானது?" என்று பரீட்சையில் கேட்டால், "எரிமலைக் குழம்பு இறுகி, சிதைந்து உருவானது" என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கிவிடலாம். மகாராஷ்டிரத்துத் தக்காணப் பீடபூமியைப் பொறுத்தவரை அது சரியான விடைதான். ஆனால் வாலிகண்டபுரத்திலிருந்து கிளம்பி பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், தக்காணத்தைப் போல எரிமலைக் குழம்பு பரவிய நிலம் கிடைக்காது.

அப்படியானால் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற இந்தக் கரிசல் கொல்லைகள் எப்படி வந்தன? கிழக்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம், சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடலோரத்தில் புதைந்து கல்லான மரம். கடல் விட்டுச் சென்ற களிமண்ணும் சுண்ணாம்புப் பாறையும், மேற்கே பழைய படிகப் பாறைகளும் சிதைந்துதான் இங்குள்ள கரிசல் உண்டானது. ஆக, மண் கறுப்பாக இருந்தால் அது எரிமலையிலிருந்துதான் வந்தது என்று சொல்லிவிட முடியாது.

இதைவிடப் பெரிய புதிர் ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. நீலகிரியின் உச்சிப் பகுதியில் உள்ள கறுப்பு மண்ணை ஆய்வுக்கூடத்தில் சோதித்தால், "இது எரிமலைச் சாம்பல் மண்" என்றுதான் முடிவு வருகிறது. ஆனால் நீலகிரியில் எரிமலை கிடையாது!

ஜப்பான் தந்த பெயர்

எரிமலைச் சாம்பல் விழுந்த இடங்களில் உருவாகும் மண்ணுக்கு 'ஆண்டோசால்' என்று பெயர். இது ஜப்பானிய மொழியிலிருந்து வந்தது. 'ஆன்' என்றால் இருண்ட, 'தோ' என்றால் மண். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஜப்பானில் மண் ஆய்வு செய்த அமெரிக்க அறிஞர்கள் இந்தப் பெயரைப் பரப்பினார்கள். அமெரிக்க மண் வகைப்பாட்டில் இது தனி வகையாகச் சேர்க்கப்பட்டது 1990இல்தான். உலக நிலப்பரப்பில் இந்த மண் ஒரு சதவீதம்கூட இல்லை. ஜப்பான், இந்தோனேசியா, நியூசிலாந்து, ஆண்டிஸ் மலைத்தொடர் என எரிமலை உள்ள நாடுகளில்தான் அதிகம்.

இந்த மண்ணின் குணங்கள் விசித்திரமானவை.

முதலாவது, எடை. ஒரு லிட்டர் அளவுள்ள மண்ணை அப்படியே குலையாமல் எடுத்துக் காயவைத்து நிறுத்தால் 900 கிராமுக்கு மேல் போகாது. சாதாரண வயல் மண் 1,200 முதல் 1,500 கிராம் வரை இருக்கும்.

இரண்டாவது, தண்ணீர். பஞ்சு போலத் துளைகள் நிறைந்திருப்பதால் மழைநீரை ஏராளமாக உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, மட்கு. இலை, வேர் எல்லாம் அழுகி உண்டாகும் மட்கு இதில் எளிதில் கரைந்து போகாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கும். கறுப்பு நிறம் அதனால்தான்.

நான்காவது, பாஸ்பரஸ். போடுகிற உரத்தில் உள்ள பாஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொண்டு பயிருக்கு எளிதில் விடாது! இந்த வகையில் சேர ஒரு மண், சோதனையில் 85 சதவீத பாஸ்பேட்டைப் பிடித்துவைக்க வேண்டும் என்பது விதிகளில் ஒன்று.

கரிசல் கொல்லையில் வேலை பார்த்தவர்களுக்கு வித்தியாசம் உடனே புரியும். கரிசல் கனமானது. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழையில் செருப்போடு சேர்த்துக் காலைப் பிடித்துக்கொள்ளும். ஆண்டோசால் மண்ணோ பொலபொலவென்று லேசாக இருக்கும். நிறத்தில் மட்டும்தான் இரண்டும் சொந்தம்.

சாம்பல் இல்லாமல் எப்படி?

பாண்டிச்சேரியில் 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளையும் மண்ணையும் நீண்டகாலமாக ஆராய்ந்து வருகிறது. அதன் ஆய்வுகளோடு தொடர்புடைய லோரான் கானே, ஜெரார் பூர்ஜோன் ஆகியோரும் சக ஆய்வாளர்களும் நீலகிரி மண்ணைப் பற்றி 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். நீலகிரி உச்சி மண் ஆண்டோசாலுக்கான அளவுகோல்களை நிறைவு செய்கிறது, ஆனால் அதன் தாய்ப்பாறை எரிமலைப் பாறை அல்ல என்பதுதான் அதன் சாரம்.

நீலகிரியின் பாறை சார்னோகைட். இந்தப் பெயருக்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல்லும் சென்னைப் பக்கத்துப் பல்லாவரத்துக் கல்லும் ஒரே வகை என்று கண்ட தாமஸ் ஹாலந்து, 1893இல் அவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். நீலகிரியின் சார்னோகைட் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையானது. பூமிக்கு அடியில் மிக ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவானது. எரிமலைச் சாம்பலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பிறகு எப்படி அந்தக் குணங்கள் வந்தன? விடை அலுமினியத்தில் இருக்கிறது.

எரிமலைச் சாம்பல் வேகமாகச் சிதையக்கூடியது. சிதையும்போது ஏராளமான அலுமினியத்தை விடுவிக்கிறது. அது மட்கோடு பிணைந்துகொள்கிறது. அப்படிப் பிணைந்த மட்கை நுண்ணுயிர்கள் எளிதில் தின்ன முடியாது. பீரோவில் வைத்துப் பூட்டின மாதிரி!

நீலகிரியில் இதே வேலை வேறு வழியில் நடந்திருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையில் ஊறிய பாறையிலிருந்து கரையக்கூடிய சத்தெல்லாம் போய், அலுமினியமும் இரும்பும் மிஞ்சின. சேர்வராயன், கொல்லிமலை உச்சிகளில் வெட்டி எடுத்து மேட்டூர் ஆலைக்கு அனுப்பிய பாக்சைட் தாதுவும் இப்படி மிஞ்சியதுதான். நீலகிரி உச்சியில் இந்த அலுமினியத்தோடு குளிரும் ஈரமும் சேர்ந்தன. தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். அந்தக் குளிரில் இலைதழை மெதுவாகத்தான் மட்கும். மட்கியதை அலுமினியம் பிடித்துக்கொள்ளும். வரவு குறைவு என்றாலும் செலவு அதைவிடக் குறைவு. எனவே கையிருப்பு ஏறிக்கொண்டே போனது.

புல்வெளி தரிசு நிலமா?

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு வந்தார். அப்போது பள்ளங்களில் சோலைக்காடும் மேடுகளில் புல்வெளியும் இருந்தன. தோடர்கள் அந்தப் புல்வெளிகளில் எருமை மேய்த்தார்கள். படுகர்கள் பயிர் செய்தார்கள். ஆங்கிலேய அதிகாரிகளின் கண்ணுக்குப் புல்வெளி பயனற்ற தரிசாகத் தெரிந்தது. மனிதர்கள் காட்டை எரித்ததால்தான் புல்வெளி வந்தது என்று நினைத்தவர்களும் உண்டு.

ஆஸ்திரேலியாவிலிருந்து தைலமரம் 1843இல் நீலகிரிக்கு வந்தது. அங்கே அதற்குக் கற்பூர மரம் என்று பெயர். தொட்டபெட்டாவில் 1860களில் சின்கோனா வந்தது. பிறகு தேயிலை பரவியது. சீகை மரமும் சேர்ந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் இது நிற்கவில்லை. தோல் பதனிடப் பட்டைக்கும், சிறுமுகை விஸ்கோஸ் ஆலையின் மரக்கூழுக்குமாகப் புல்வெளிகளில் இன்னும் அதிகமாக நட்டார்கள்.

புல்வெளி உண்மையில் தரிசுதானா? இதற்கு மண்ணே பதில் சொன்னது. ஊட்டி அருகே சாண்டிநல்லா பள்ளத்தாக்கின் சதுப்பில் படிந்திருந்த கரிமண்ணை ரா. சுகுமாரும் சக ஆய்வாளர்களும் சோதித்து, 1993இல் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். வெப்பமண்டலப் புல்லில் உள்ள கார்பனும் மரத்தில் உள்ள கார்பனும் சற்றே வேறுபடும். அந்த வேறுபாட்டை வைத்து, சுமார் 20,000 ஆண்டு வரலாற்றை அவர்கள் படித்தார்கள். மழை குறைந்த காலங்களில் புல்வெளி விரிந்திருக்கிறது. மழை மிகுந்த காலங்களில் சுருங்கியிருக்கிறது. கோடரி பிடித்த மனிதன் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே புல்வெளி இருந்தது! தரிசு என்று எழுதப்பட்டது மிகப் பழைய இயற்கைச் சொத்து.

தண்ணீர்க் கணக்கு

மரம் நட்டதால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம். ஊட்டியில் 1954இல் தொடங்கிய மண்வள ஆராய்ச்சி மையம் இதை அளந்து பார்த்தது. கிளன்மார்கனில் அடுத்தடுத்து உள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டார்கள். இன்னொன்றில் பாதிக்கும் மேற்பட்ட பரப்பில் 1972இல் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் அங்கிருந்து ஓடிவரும் நீர் 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டித் துளிர்க்கவிட்ட இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதம் குறைந்தது.

பஞ்சு போன்ற மண் பிடித்து வைத்திருக்கும் நீரை ஆழமான வேர்கள் குடித்துவிடுகின்றன. மழை இல்லாத மாதங்களில் ஓடைக்கு வருகிற கசிவு நீரும் அதனால் குறைகிறது.

உழுத நிலத்தில் வேறு சிக்கல். சரிவில் உருளைக்கிழங்குக்காக மண்ணைக் கிளறும்போது, குளிரில் பத்திரமாக இருந்த மட்குக்குக் காற்றும் வெயிலும் படுகின்றன. கனமழையில் மேல்மண் அரித்துப் போகிறது. மண் புளிப்புத் தன்மை உள்ளதால் சுண்ணாம்பு போட வேண்டும். பாஸ்பரஸை மண் பிடித்துக்கொள்வதால் உரமும் கூடுதலாகப் போட வேண்டும். இந்த வகை மண்ணுக்குப் பொதுவான இன்னொரு குணமும் உண்டு. ஒருமுறை நன்றாகக் காய்ந்து போனால், மறுபடி நனைத்தாலும் பழைய அளவுக்குத் தண்ணீர் பிடிக்காது.

கொள்ளிடம் வரை

நீலகிரி மண் எங்கோ இருக்கிற விஷயம், சமவெளிக்கு என்ன வந்தது என்று தோன்றலாம். பைக்காரா ஆறு மாயாற்றில் சேர்கிறது. மாயாறு பவானிசாகருக்கு வருகிறது. பவானி காவிரியில் கலக்கிறது. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிந்து, அரியலூர் மாவட்டத்தின் தென் எல்லையாக ஓடுகிறது. மலை உச்சியில் கறுப்பு மண் பிடித்து வைத்து மெதுவாக விடும் நீரில் ஒரு பங்கு இந்த வழியாகத்தான் வருகிறது.

முக்கூர்த்தி 1990இல் தேசியப் பூங்கா ஆனது. அந்நிய மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் வேலையும் நீலகிரியில் நடந்து வருகிறது. வெட்டிய இடத்தில் புல்லை மீண்டும் வளர்த்துவிடலாம். ஆனால் அரித்துப் போன மண்ணை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. எரிமலை உள்ள நாடுகளில் புதுச் சாம்பல் விழுந்து மண் புதுப்பிக்கப்பட வாய்ப்பு உண்டு. நீலகிரிக்கு அந்த வாய்ப்பும் இல்லை. பாறையும் குளிரும் மழையும் பல்லாயிரம் ஆண்டு சேர்ந்து சேமித்தது மட்டும்தான் அங்கே இருக்கிறது.

அடுத்த முறை ஊட்டிக்குச் சுற்றுலா போகிறவர்கள், சாலை வெட்டிய சரிவில் தெரியும் அந்தக் கறுப்பு அடுக்கை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பூங்காவில் இருக்கிற பூக்களைவிட அதற்கு வயது ரொம்ப ரொம்ப அதிகம்!