குளிர்பெட்டி இல்லாத லயம்

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் வழியில் இருக்கிறது காஹாங். இந்தப் பக்கத்துத் தோட்டங்களின் கதையை ரப்பர் விலையை வைத்தே எழுதிவிட்டோம். பிள்ளை பெற்றவர்களின் கதை தனி.

1906-இல் ஹென்றி டேல், பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறு பூனையின் கருப்பையைச் சுருங்கவைப்பதைக் கண்டார். அதற்குக் காரணம் ஆக்ஸிடோசின். ஹைப்போதலாமஸில் உருவாகும் நியூரோபெப்டைடு. மொத்தமே ஒன்பது அமினோ அமிலங்கள். 1953-இல் வின்சென்ட் டு விக்னோ அதை ஆய்வகத்தில் செய்துகாட்டினார். 1955-இல் நோபல்.

பிரசவமானதும் கருப்பை இறுகாவிட்டால் உதிரம் நிற்காது. அப்போது ஓர் ஊசி உயிரைக் காப்பாற்றும். ஆனா மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கணும். டாக்டர் எப்போதாவது வந்துபோன, டிரசரையே நம்பியிருந்த தோட்டத்தில் அதுக்கு எங்கே போவது? மருத்துவ வரலாறுகள் நோபல் ஆண்டோடு நிறுத்திக்கொள்கின்றன. எனக்கு அது பாதிக் கதை.

பிள்ளை மார்பைச் சப்பினாலே மூளை ஆக்ஸிடோசினைச் சுரக்கும். அதுக்காகப் பாட்டிமாரை ரொம்பக் கொண்டாடவும் முடியாது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொன்னவர்களும் அவர்களில் உண்டு.

2018-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முடிவு வந்தது. 10 நாடுகள், ஏறத்தாழ 30,000 பெண்கள். பக்கத்துச் சிங்கப்பூரும் அதில் ஒன்று. ஆக்ஸிடோசினைப் போலவே வேலை செய்யும் கார்பெடோசின், உதிரப்போக்கைத் தடுப்பதில் அதற்குக் குறைந்ததில்லை என்று தெரிந்தது. வெப்பம் தாங்கும் இந்த வகை 30 டிகிரியில் 3 ஆண்டு கெடாது. டேலின் பூனையிலிருந்து இதுவரை வர 112 ஆண்டுகள்.